பிடியரிசிப் பானை

சாரம்மாள் நடந்துகொண்டே கனாக் காண்பாள் என்று ஊரில் பேச்சு. பேச்சென்ன பேச்சு, உண்மைதான். ஓலைப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தென்கால் வாய்க்கால் கரையில் நடப்பாள். பத்தடி போவதற்குள் கண் வேறெங்கோ போய்விடும். வாழைத்தோப்புக்குள் காற்று நுழைந்து இலைகள் சலசலத்தால், உள்ளே யாரோ கூட்டமாக ஜெபம் பண்ணுகிறார்கள் என்று நின்று தலை குனிவாள். ஒரு தடவை ஏதோ பாட்டை முணுமுணுத்தபடியே ஊரைத் தாண்டி ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வரைக்கும் போய்விட்டு, அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்தவளிடம், "எம்மா, நான் இங்கன எதுக்கு வந்தேன்?" என்று கேட்டாளாம். அவள் பாவம், என்ன சொல்லுவாள்!

அவளுக்குச் சொப்பனக்காரி என்று பெயர் வைத்தவர் சபைக் குருவான சத்தியநேசன் ஐயர். கிறிஸ்தவக் குருமாரை அந்தச் சீமையில் ஐயர் என்றுதான் சொல்வார்கள். சாந்திக்குடியிருப்பு என்ற அந்த ஊரே மிஷன்காரர்கள் உண்டாக்கியது. நடுவில் கோயில், சுற்றிலும் நாலு தெரு, தெரு முடிகிற இடத்தில் வாய்க்கால். வாய்க்காலில் தண்ணீர் போகும் மாதங்களில் ஊர் முழுக்க ஒரு மெல்லிய இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலில் அவள் கண்ட கனாக்களை எழுதினால் இன்னொரு வேதாகமம் வரும் என்று ஐயர் கேலி செய்வார். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்தக் கனாப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். சாத்தான்குளத்துப் பக்கம் பனங்காட்டில் பிறந்தவள் அவள். தாது வருஷப் பஞ்சத்தில் சின்னப் பிள்ளை. பொழுது சாய்ந்ததும் அவளுடைய தாய் பிள்ளைகளை எல்லாம் மணலில் வரிசையாகப் படுக்க வைத்து, "கண்ணை மூடுங்க மக்கா, கனாவுல சாப்பிடுவோம்" என்பாள். பிறகு ஒவ்வொன்றாகப் பரிமாறுவாள். "இந்தா சுடுசோறு. இந்தா மீன்கொழம்பு. பைய சாப்பிடு, நாக்கு வெந்துரும்." பிள்ளைகள் வெறும் வாயை மெல்லும். அந்த வரிசையில் பஞ்சத்துக்குப் பிறகு மிஞ்சியது சாரம்மாள் ஒருத்திதான்.

பிறகு உபதேசியார் ஞானையாவுக்கு வாழ்க்கைப்பட்டு ஆற்றுப் பாசனச் சீமைக்கு வந்தாள். வந்த அன்று தாமிரபரணியைப் பார்த்துவிட்டு, "இதுவும் கனாவா?" என்று புருஷன் கையைக் கிள்ளிப் பார்த்தாளாம். ஞானையா ஒரு பேதிக் காலத்தில் போய்விட்டார். எழுதப் படிக்கத் தெரிந்த விதவை என்பதால் ஐயர் அவளைச் சபை ஊழியத்தில் வைத்தார். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்ட வேண்டும். சனிக்கிழமைதோறும் பிடியரிசி வாங்கி வர வேண்டும்.

பிடியரிசி என்பது அந்த ஊர்ப் பெண்களின் காணிக்கை. உலையில் போட அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அடுப்படியில் இருக்கும் சின்னப் பானையில் போடுவார்கள். அதற்குச் சாமி பானை என்று பெயர். சனிக்கிழமை அந்த அரிசி சாரம்மாளின் ஓலைப்பெட்டிக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அதைப் பீடத்துக்கு முன்னால் கொட்டுவாள். அப்புறம் அது விதவைகளுக்கும் திக்கற்ற பிள்ளைகளுக்கும் போகும். அரிசி பெட்டியில் விழுகிற சத்தம் சாரம்மாளுக்கு உயிர். தூரத்தில் மழை வருகிற சத்தம் மாதிரி கேட்கும் அவளுக்கு. கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். பெட்டியின் மூலையில் ஓட்டை விழுந்து, வழி நெடுக அரிசி சிந்திக்கொண்டு வருவது மட்டும் அவளுக்குத் தெரியாது.

நாலு தெருவிலும் நிறைந்த பானை எது என்று கேட்டால், கைப்பிள்ளைகூட மூப்பர் ஞானசிகாமணி வீட்டைக் காட்டும். வாழைத்தோப்புக்காரர், சபை மூப்பர், ஊருக்கே அண்ணாச்சி. அவர் மனைவி சாலோமியம்மாள், வெள்ளைச் சேலை கசங்காமல் கோயிலில் முன்வரிசைப் பாயில் உட்காருகிறவள். பெற்ற பிள்ளைகள் இரண்டும் அவளுக்குத் தங்கவில்லை. அந்த வீட்டில் இருந்த பிள்ளை பாக்கியவதி, மூப்பருடைய தம்பி மகள். தாய் செத்துப்போனாள். தகப்பன் தேயிலைத் தோட்டத்து வேலைக்குக் கண்டிச்சீமைக்குக் கப்பலேறிவிட்டான். "பெரியம்மை கையில விட்டுட்டுப் போறேன்" என்று அவன் அழுததை ஊரே பார்த்தது.

மற்ற வீட்டுப் பானைகளில் அரைவாசி இருக்கும். சாலோமியம்மாளின் பானை விளிம்பு தட்டும். "சின்னக் குடும்பம், பெரிய மனசு" என்று ஐயர் பிரசங்கத்திலேயே சொன்னார். சாரம்மாள் போகிற வீடெல்லாம் அந்தப் பானையின் பெருமையைப் பாடினாள்.

அரிசி கொட்டும்போது பாக்கியவதி கதவோரமாக வந்து நிற்பாள். சாரம்மாளைப் பார்க்க மாட்டாள். அரிசியையே பார்ப்பாள். ஒரு நாள் மெதுவாகக் கேட்டாள்: "அத்தை, ஏசுசாமிக்கு ரொம்பப் பசிக்குமோ?"

சாரம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஆமாட்டி, அவருக்கு ஊர்ப்பட்ட பசி" என்று சொல்லிவிட்டு, அந்தக் கேள்வியைத் தெருத்தெருவாகக் கொண்டு போனாள். அது ஐயர் காதுக்கு எட்டி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் ஏறியது. பிள்ளை வாக்கில் எவ்வளவு பெரிய சத்தியம் என்று விளக்கினார். கோயிலே சிரித்தது. சாலோமியம்மாளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரிக்காதது ஒரே ஆள்தான். அந்தப் பிள்ளை தலை குனிந்து பாயின் கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தது. ஒருத்தர், ஒரே ஒருத்தர், "ஏன் கேக்கே?" என்று கேட்டிருக்கலாம்! ஊரில் அத்தனை பெரிய மனிதர்கள் இருந்தும் அது நடக்கவில்லை.

எட்வர்டு ராஜா இறந்து கோயிலில் துக்கமணி அடித்த வருஷம் அது. அந்தச் சித்திரையில்தான் வால்நட்சத்திரமும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஊர் முழுவதும் வாய்க்கால் கரைக்கு வந்துவிட்டது. கிழக்கே, வாரியலை நிறுத்தி வைத்தாற்போல் நின்றது நட்சத்திரம். வெள்ளை வெளிச்சம் வயலெல்லாம் பரவிக் கிடந்தது. வாழை இலைகள் ஈயம் பூசினது போல இருந்தன. யாரும் உரக்கப் பேசவில்லை. சாரம்மாள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அது வானத்தில் எழுதிய எழுத்தென்றும், தனக்குத்தான் எழுதியிருக்கிறதென்றும், இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் வாசித்துவிடலாம் என்றும் தோன்றிக்கொண்டிருந்தது அவளுக்கு.

அப்போது காலடியில் கறுமுறு என்று ஒரு சத்தம். அணில் ஏதாவதா என்று குனிந்தாள். வாழைமூட்டுக்குப் பின்னால் பாக்கியவதி குந்தியிருந்தாள். ஊரே அண்ணாந்து பார்க்கிற நேரத்தில், அந்தப் பிள்ளை தரையைத் தடவிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, என்னத்தைத் திங்கே?"

பிள்ளை கையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனது. "ஒண்ணுமில்லத்தை."

"காட்டு மக்கா. அத்தை ஏச மாட்டேன்."

கை விரிந்தது. மண்ணோடு சேர்ந்த பச்சரிசி. "உங்க பெட்டியிலேர்ந்து விழுந்தது. நேத்து சாயந்தரம் இருட்டிட்டு, அதான் இப்பம் பெறக்குதேன். பானையிலேர்ந்து எடுக்கலத்தை, சத்தியமா எடுக்கல."

"ராத்திரி சாப்பிடலையா நீ?"

"சாப்பிட்டேனே."

"என்ன சாப்பிட்டே?"

பாக்கியவதி கொஞ்ச நேரம் நட்சத்திரத்தைப் பார்த்தாள். "சுடுசோறும் மீன்கொழம்பும். முட்டையும் இருந்துச்சு. எங்கம்மை போட்டா."

அவளுடைய தாயைத்தான் புதைத்தாயிற்றே. வேறு யாராக இருந்தாலும், பிள்ளைக்குப் பேய் பிடித்திருக்கிறது என்றோ, பொய் சொல்லுகிறது என்றோ நினைத்திருப்பார்கள். சாரம்மாள் அப்படி நினைக்கவில்லை. அவள் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறாள். பனங்காட்டு மணலில் படுத்து, வெறும் வாயை மென்று, அதே சுடுசோற்றைச் சாப்பிட்டிருக்கிறாள்.

"கண்ணை மூடினதுக்கப்புறமா சாப்பிட்டே?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நெசத்துல சோறு யாரும் போடலையா?"

"நெசத்துல எம் பங்கு சாமிக்குப் போயிட்டு" என்றாள் பாக்கியவதி, ஊரறிந்த விஷயத்தைச் சொல்வது போல. "நான் தப்பு செய்தா என் சோத்துக்கு உள்ள அரிசியைப் பெரியம்மை சாமி பானையில போட்டுருவாக. நான் தெனமும் தப்புதான் செய்யுதேன் அத்தை."

நீட்டிய கையில், மணிக்கட்டுப் பக்கம், ஆறிப்போன சூட்டுத் தழும்பு ஒன்று இருந்தது. பானையில் கைவிட்டதற்குப் போட்டது என்றாள். உதட்டு ஓரம் இரண்டும் வெடித்திருந்தன. தோளெலும்பு சட்டைக்குள்ளே துருத்திக்கொண்டு நின்றது. சனிக்கிழமைதோறும் கண்ணெதிரே நின்ற பிள்ளை! சாரம்மாளுக்கு அந்தப் பானை ஞாபகம் வந்தது. விளிம்பு தட்டுகிற பானை. தூரத்து மழை போலக் கேட்ட சத்தம். இத்தனை நாளும் இந்தப் பிள்ளையின் சோற்றைத் தன் இடுப்பில் சுமந்துகொண்டு போய்ப் பீடத்தில் கொட்டியது தன் கைதான் என்று தெரிந்ததும், அவள் அந்த வெள்ளை வெளிச்சத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் பிசகு. ஒருவரிடம் குற்றம் கண்டால் முதலில் அவரிடமே தனியாகப் போய்ச் சொல்ல வேண்டும் என்பது சபையில் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு. பெரியவர்கள் எல்லைத் தகராறைப் பேசித் தீர்க்க நல்ல ஒழுங்குதான். ஒரு பிள்ளை அடுத்த வேளையும் அதே கையைத்தான் நம்பியிருக்கிறது என்கிறபோது அது செல்லுமா? சாரம்மாளுக்கு அன்று அது தோன்றவில்லை. ஆராதனை முடிந்ததும் நேரே சாலோமியம்மாளிடம் போனாள்.

"அக்கா, பிள்ளைக்கு வயிறாரப் போடுங்க. பச்சரிசியைப் பெறக்கித் திங்குது."

சாலோமியம்மாள் சத்தம் போடவில்லை. "திருட்டுக் கை, பொய் நாக்கு. இப்பவே ஒடுக்கலேன்னா நாளைக்கு ஆத்துமா நரகத்துக்குல்லா போவும்? அவளை நான் பட்டினி போடல சாரம்மா, உபவாசம் இருக்கப் பழக்குதேன். நானும் வெள்ளிக்கிழமை இருக்கத்தான் செய்யுதேன். நீ பிள்ளை வளத்தவளா, எனக்குச் சொல்லித் தர?"

அவள் நடித்தாள் என்று சொல்ல முடியாது. நம்பித்தான் சொன்னாள். தன் பிள்ளைகள் இரண்டையும் கடவுள் எடுத்துக்கொண்டது தன் காணிக்கை குறைந்ததால்தான் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பயம். அதற்கு இந்தப் பிள்ளையின் வயிற்றிலா கை வைப்பது? நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அடுத்த சனிக்கிழமை சாரம்மாள் போனபோது கதவோரத்தில் பிள்ளையைக் காணவில்லை.

"பாக்கியம் எங்க அக்கா?"

"ஊர்ல போய்க் கோள் சொல்லுதவளுக்கு வாசல்ல என்ன வேலை? உள்ள கெடக்கா."

சாமி பானையைக் கொண்டு வந்து வைத்தாள் சாலோமியம்மாள். விளிம்பு தட்டவில்லை இந்தத் தடவை. விளிம்புக்கு மேலே குவிந்திருந்தது. அந்தக் குவியலை ஏற்றி வைத்தது தன்னுடைய வாய் என்று சாரம்மாளுக்குப் புரிந்தது. தான் பேசப் போக, பிள்ளைக்கு இருந்ததும் போயிற்று. அன்று அந்த வீட்டு அரிசியை அவள் பெட்டியில் சேர்க்கவில்லை. முந்தானையில் தனியாக முடிந்துகொண்டாள்.

அங்கிருந்து ஐயர் வீட்டுக்கு ஓடினாள். ஐயர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, அன்பாகத்தான் சொன்னார்: "சாரம்மா, வால்நட்சத்திரம் பாத்த அன்னைக்கு ஊர்ல எல்லாருக்கும் ஒரு கனா. ஒமக்கு இது."

"கனா இல்ல ஐயா."

"வாய்க்கால் தண்ணிக்குள்ள கோயில்மணி கேக்குன்னு போன மாசம் நீர்தானே வந்து சொன்னீர்? மூப்பர் வீட்டைப் பத்தி இப்படிச் சொன்னா ஊர் ரெண்டுபடும். பிள்ளைக்கு வயித்துல பூச்சி இருக்கும். மருந்து வாங்கிக் கொடுக்கச் சொல்லுதேன்."

சாரம்மாளுக்கு ஒரு கணம் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. எத்தனையோ கண்டிருக்கிறாள், இதுவும் அப்படித்தானோ? அந்த வெளிச்சம், அந்த வாழைமூடு, கண்ணை மூடி மீன்குழம்பு சாப்பிடுகிற பிள்ளை. முந்தானையைத் தொட்டுப் பார்த்தாள். அரிசி கனத்தது. கனாவில் எதுவும் கனக்காது, அது அவளுக்குத் தெரியும்.

"நாளைக்குள்ள நீங்க அந்தப் பிள்ளையை வெளிய கொண்டாரலேன்னா, நான் ஸ்ரீவைகுண்டம் போலீஸ் டேசனுக்கு நடந்து போவேன் ஐயா."

"மிஷன் ஊருக்குள்ள செவப்புத் தலைப்பாவைக் கூட்டியாரப் போறீரா?" ஐயருக்கு முகம் மாறிவிட்டது. "நம்ம வீட்டுக் காரியம் சபைக்கு வெளிய போவலாமா?"

"அப்பம் சபைக்குள்ளயே வைக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குப் பிள்ளையைக் கொண்டு வராமல் இருந்தால் ஊர் கேட்கும். அதனால் சாலோமியம்மாள் கூட்டி வந்திருந்தாள். பின்னால், தூண் மறைவில் உட்கார வைத்திருந்தாள். கோயிலுக்குள் வெயில் சாய்வாக விழுந்து தூசியெல்லாம் பொன்னாய் மிதந்தது. பாட்டு நின்றது. காணிக்கை நேரம் வந்தது. சாரம்மாள் எழுந்து, ஊர் அரிசியைப் பீடத்துக்கு முன்னால் இருந்த பெரிய கடகத்தில் கொட்டினாள். அவளுக்கு உயிரான அந்தச் சத்தம் கேட்டு முடிந்தது. வழக்கமாக அவள் அத்தோடு திரும்பி வந்து உட்காருவாள்.

அன்று உட்காரவில்லை. பெண்கள் பாய்களுக்கு நடுவே நடந்து தூண் பக்கம் போனாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, பாக்கியவதிக்கு முன்னால் விரித்து வைத்தாள்.

"இது சாமிக்குள்ளது இல்லட்டி. உனக்குள்ளது. எடுத்துக்கோ."

பிள்ளை அரிசியைப் பார்த்தது. முன்வரிசையில் திரும்பிப் பார்த்த பெரியம்மையைப் பார்த்தது. பீடத்தைப் பார்த்தது. அத்தனை பேர் மூச்சையும் அடக்கியிருந்த கோயிலில், பாக்கியவதி கேட்டது கடைசிப் பாய்க்கும் கேட்டது.

"எடுத்தா சாமி சூடு போடாதா அத்தை?"

"போடாதும்மா."

ஒரு கை அள்ளினாள். பச்சை அரிசியை வாயில் போட்டாள். பிறகு இரண்டு கையாலும் அள்ளினாள். கறுமுறு, கறுமுறு. கோயில் முழுவதும் வேறு சத்தமே இல்லை. அந்தப் பிள்ளையை இப்படி நடுச்சபையில் தின்ன வைத்தோமே என்று சாரம்மாளின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனால் சொப்பனக்காரி சொன்னால் யார் நம்புவார்கள்? இதை எல்லோரும் காதால் கேட்டார்கள்.

ஐயர் பிரசங்க மேடையில் நின்றுகொண்டிருந்தார். ஏசுசாமிக்கு ரொம்பப் பசிக்குமோ என்ற கேள்வியை அதே மேடையிலிருந்துதான் சொல்லிச் சிரிக்க வைத்தார். அது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அங்கியோடு இறங்கி வந்து, பிள்ளைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். மணிக்கட்டைப் பிடித்துத் தழும்பைப் பார்த்தார். உதட்டைப் பார்த்தார். எழுந்து மூப்பர் பக்கம் திரும்பினார்.

"மூப்பரே, இந்தப் பிள்ளை இனி உம்ம வீட்டுக்கு வராது."

ஞானசிகாமணி எழுந்து நின்றார். விடியுமுன் தோப்புக்குப் போய் இருட்டி வீடு திரும்புகிறவர். "நான் பாக்கல ஐயா. சத்தியமா நான் பாக்கல" என்றார். ஒரே கூரைக்குள் இருந்துகொண்டு பார்க்காமல் இருந்தாரே, அதற்கு என்ன பெயர்? அவரும் அதைத்தான் நினைத்தாரோ என்னவோ, மறுநாள் தானே கிராம முன்சீபிடம் வந்து, தகப்பன் திரும்புகிற வரைக்கும் பிள்ளை சாரம்மாளிடம் இருக்கட்டும் என்று ஐயர் முன்னிலையில் சொன்னார். மூப்பர் பதவியையும் விட்டார். சாலோமியம்மாள் வெகுநாள் கோயிலுக்கு வரவில்லை. வந்தபோது கடைசிப் பாயில் உட்கார்ந்தாள்.

சாரம்மாள் சாகிற வரைக்கும் பிடியரிசி வாங்கப் போனாள். ஆனால் ஒரு வித்தியாசம். வாசலில் நின்று, "முதல்ல பிள்ளையளைக் கூப்பிடுங்க, பாக்கணும்" என்பாள். வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வந்து முகம் காட்டிய பிறகுதான் பெட்டியை இறக்குவாள். எந்தப் பிள்ளையாவது வரவில்லை என்றால் அடுப்படி வரைக்கும் போய்ப் பார்ப்பாள். சில பேர் முறைத்தார்கள், அவள் கண்டுகொள்ளவில்லை. எங்கேயாவது சந்தேகம் தட்டினால் அந்த வீட்டாரிடம் வாயைத் திறக்காமல் நேரே ஐயரிடம் போவாள். ஐயரும் அதற்குப் பிறகு அவளைச் சொப்பனக்காரி என்று கூப்பிட்டதில்லை. ஓலைப்பெட்டியின் ஓட்டையை மட்டும் அவள் கடைசிவரை அடைக்கவில்லை.

இதெல்லாம் பிற்பாடு. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாரம்மாள் வீட்டு அடுப்பில் கஞ்சி கொதித்தது. பட்டினி கிடந்த வயிற்றுக்கு ஒரேயடியாகச் சோறு ஆகாது என்று பஞ்சத்தில் பட்டுத் தெரிந்தவள் அவள். கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றிக் கொடுத்தாள். "பைய குடி மக்கா, நாக்கு வெந்துரும்" என்று சொல்லும்போது அது தன் தாயின் குரலாகவே காதில் விழுந்தது. பாக்கியவதி ஒவ்வொரு வாய்க்கும் கண்ணைத் திறந்து திறந்து பார்த்தாள். கும்பா அப்படியே இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வெளியே வாய்க்கால் காய்ந்து கிடந்தது. ஆனாலும் சாரம்மாளுக்கு அந்த மெல்லிய இரைச்சல் கேட்டது.

கும்பாவின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தபோது பிள்ளை நிறுத்திவிட்டது. அடுப்படியைத் திரும்பிப் பார்த்தது. அங்கே சாமி பானை வெறுமையாக இருந்தது.

"அத்தை, அப்பம் ஏசுசாமிக்கு?"

சாரம்மாள் முந்தானையால் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"அவரு சாப்பிட்டாச்சுட்டி. இப்பந்தான், என் கண்ணால பாத்தேன்."